உள்ளே வராத வான்

"கொலை செய்தனெண்டு எழுதியிருந்தாக்கூட மனம் ஆறியிருக்கும், தங்கச்சி. வானை நிப்பாட்டினனாம்! அதுவும் நான் காலடி வைக்காத இடத்திலை!"

அல்பிரட் மூன்று கடிதங்களைச் சிவாஜினியின் மேசையில் வைத்தார். வைத்தார் என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் எறிந்தார். ஒன்று வழுக்கிக்கொண்டு போய், ஓரத்து நாற்காலியில் பற்றிஸ் தின்றுகொண்டிருந்த ஸ்ரனிஸ்லாஸின் மடியில் விழுந்தது.

"எனக்கும் ஒண்டோ? நன்றி," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "ஆனால் என்ரை லைசென்சிலை இனிக் கழிக்கிறதுக்குப் புள்ளி இல்லை."

சிவாஜினியின் கந்தோர் ரூ லூயி-பிளாங் தெருவில், ஒரு தொலைபேசிக் கடைக்கு மேலே, முதலாம் மாடியில் இருக்கிறது. வாசல் பலகையில் 'மொழிபெயர்ப்பு, விண்ணப்பம், விசாரணை' என்று எழுதியிருக்கும். முதல் இரண்டும் வாடகையைக் கட்டுகின்றன. மூன்றாவதற்காகத்தான் அவள் காலையில் எழும்புகிறாள். முன்பு ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வாகன விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவள். 'மரம்தான் வந்து என் காரில் மோதியது' என்று சத்தியம் பண்ணும் ஆட்களை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, உண்மை பேசும் மனிதரைக் கண்டால் அவளுக்கு ஒரு பாசமே வந்துவிடும்.

ஸ்ரனிஸ்லாஸ் அவளுடைய உதவியாளர். வயதில் அவளைவிடப் பத்து வருடம் மூத்தவர், சம்பளத்தில் இளையவர். பொதி விநியோக வானை இருபது வருடம் ஓட்டி, வேகக் கமராக்கள் எல்லாவற்றுக்கும் முகம் காட்டி முடித்தபின் இங்கே வந்து சேர்ந்தவர்.

சிவாஜினி கடிதத்தைப் பிரித்தாள்.

"அல்பிரட் அண்ணை, முதல் ஒண்டைச் சொல்லுறன். இது பொலிஸ் போட்ட அமாந்த் தண்டம் இல்லை. தனியார் பார்க்கிங் கொம்பனியின்ரை கடிதம். லா கூர்னெவ்விலை ஒரு கம்பளக் களஞ்சியத்தின்ரை பார்க்கிங்கை அவை பாக்கினம் போலை. கமராவிலை இலக்கத் தகட்டைப் பிடிச்சு, வாகனம் ஆற்றை பேரிலை பதிஞ்சிருக்கோ அவருக்கு அனுப்பியிருக்கினம். ஓடினது ஆரெண்டு அவைக்குத் தெரியாது."

"கார்த் கிறீஸ், அந்தப் பதிவுப் பத்திரமும் என்ரை பேரிலை. ஓடுறதும் நான்தான். வேறை ஒருத்தரும் அந்த வானைத் தொடுறதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் தேவாலயத்திலை. பாட்டுப் பயிற்சி!"

"அதுக்கு நான் சாட்சி," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நானும் அந்தப் பாட்டுக் குழுதான். கடைசி வரிசையிலை நிண்டு வாயை மட்டும் அசைக்கிற ஆள். மூண்டு வெள்ளியும் இவர் எங்களுக்கு முன்னாலை நிண்டு கையை ஆட்டிக்கொண்டு நிண்டவர். வானும் தேவாலய வாசல்லைதான் நிண்டது."

"பிறகென்ன? அந்தக் காசைக் கட்டிப்போட்டு நிம்மதியாய் இருக்கலாமே?" சிவாஜினி வேண்டுமென்றே கேட்டாள்.

"கட்டினால் நான் அங்கை நிண்டதெண்டு ஆகிப்போகும்!" அல்பிரட்டின் குரல் உயர்ந்தது. உடனே கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். போன வருடம் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. பல மாதங்கள் குரலே இல்லாமல், கையால் கதைத்துக்கொண்டு திரிந்தவர். இப்போது தாழ்ந்த குரலில் சொன்னார். "முதல் கடிதத்தை உடைச்சது என்ரை மனுசி றெஜினா. 'கோயிலுக்குப் பின்னாலை உங்களுக்கு என்ன வேலை?' எண்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டவள். நான் போகேல்லை எண்டன். 'சரி' எண்டாள். அண்டையிலையிருந்து என்னோடை கதை இல்லை. சாப்பாடு மேசையிலை இருக்கும், ஆள் அறைக்குள்ளை இருக்கும். ரெண்டாவது கடிதம் வந்தது. மூண்டாவதும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனிக்கு, தமக்கையிட்டைப் போறாளாம். திரும்பி வாறதுக்கு ரிக்கற் எடுக்கேல்லை."

அந்த மனிதர் பாவம். பாட்டுக் குழுவில் ஐம்பது பேரை ஒரு விரலால் அடக்குகிறவர், அந்த நாற்காலியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் குனிந்து இருந்தார். இருபத்தாறு வருடத் திருமணம் ஒரு பார்க்கிங் கடிதத்தில் போய் நிற்பதை நினைத்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை.

"வேறை பொம்பிளை எண்டு நினைக்கிறாவோ?" என்று ஸ்ரனிஸ்லாஸ் கேட்டார்.

"அதைக்கூடக் கேக்கேல்லையே! கேட்டால் சத்தியம் பண்ணலாம். கேக்காத கேள்விக்கு என்னெண்டு பதில் சொல்லுறது?"

சிவாஜினி கடிதத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். தீப்பெட்டி அளவில், கறுப்பு வெள்ளையில், ஒரு வெள்ளை வானின் பின்கதவு. கீழே இலக்கத் தகடு: GP-476-LB. அல்பிரட்டின் இலக்கம்தான். சந்தேகமே இல்லை. மற்ற இரண்டு கடிதங்களிலும் அதே பின்கதவு, அதே இலக்கம்.

அவள் கடிதத்தின் அடியில் இருந்த பொடி எழுத்துக்குப் போனாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணை, இவை என்னத்துக்குக் காசு கேக்கினம் தெரியுமோ? 'உள்நுழைவு பதிவாகாத வாகனம் வெளியேறியது.' மூண்டு தரமும் அப்பிடித்தான். உங்கடை வான் உள்ளை வந்த படம் அவையிட்டை இல்லை. போன படம் மட்டும்தான் இருக்கு."

"வராத வான் என்னெண்டு போறது?" என்றார் அல்பிரட்.

"அதைத்தான் போய்க் கேக்கப்போறம். ஸ்ரனி அண்ணை, வெளிக்கிடுங்கோ."

"மதாம், வாகன வழக்கு ஒண்டைத் துப்பறியிறதுக்கு நாங்கள் ரயிலிலை போறம் எண்டதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்றபடி ஸ்ரனிஸ்லாஸ் மிச்சப் பற்றிஸையும் வாயில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

*

கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி லா கூர்னெவ்வில் இறங்கி, களஞ்சியங்களுக்கு நடுவே பத்து நிமிடம் நடந்தார்கள். ஒரே நிறத்தில் தகரக் கதவுகள். எதிலும் ஒழுங்கான பலகை இல்லை. கம்பளக் களஞ்சியத்தின் பார்க்கிங்கில் தடுப்பு மரமும் இல்லை, கடவைக்காரனும் இல்லை. உள்ளே போகும் வழியில் ஒரு கமரா, வெளியே வரும் வழியில் ஒரு கமரா, நடுவில் காசு கட்டும் யந்திரம். மூலையில் இருந்த கண்ணாடிக் கூண்டில் லூடோவிக் இருந்தான். களஞ்சியத்தின் காவலாளி. தடித்த, முகம் சிவந்த, பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரன்.

சிவாஜினி பொன்ஜூர் சொன்னாள். பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள். அவ்வளவுதான், லூடோவிக் திறந்துகொண்டான்.

"யந்திரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், மதாம்! அதற்குப் பைத்தியம். இங்கே மூன்று வான் நிற்கிறது என்று திரை சொல்கிறது. நீங்களே பாருங்கள், எங்கே நிற்கிறது? நான் ரோச் லைட்டோடு சுற்றிச் சுற்றித் தேடினேன். கம்பளங்களுக்குள்கூடத் தேடினேன்."

"மூன்று வானா?"

"அதுதான் வேடிக்கை. மூன்றும் ஒரே வான்! ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அதே இலக்கம் மறுபடி உள்ளே வந்தது. முதலில் வந்ததே போகவில்லை, எப்படி மறுபடி வரும்? பிறகு இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் ஒழுங்காகக் காசும் கட்டியிருக்கிறது."

சிவாஜினியின் கண் பளிச்சிட்டது. "இலக்கம்?"

லூடோவிக் திரையைத் திருப்பினான். GP-475-LB.

ஸ்ரனிஸ்லாஸ் தமிழில் முணுமுணுத்தார். "நானூற்றி எழுபத்தஞ்சு வருகுது, நானூற்றி எழுபத்தாறு போகுது. உள்ளுக்கை ஒரு இலக்கம் கூடுது. இந்த பார்க்கிங்கிலை என்ரை சம்பளத்தையும் ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பம், மதாம்."

"வாயை மூடுங்கோ அண்ணை. மிஸ்யூ லூடோவிக், உள்ளே வரும்போது கமரா எதைப் பிடிக்கும்?"

"முன்பக்கத்தை. போகும்போது பின்பக்கத்தை. வரும்போது முகம், போகும்போது முதுகு."

"முதுகை எனக்குக் கொஞ்சம் பெரிதாகக் காட்ட முடியுமா?"

லூடோவிக் இரண்டு பக்கமும் பார்த்தான். "நான் காட்டவில்லை. நீங்கள் பார்க்கவில்லை," என்றான். பிறகு காட்டினான்.

கடிதத்தில் இருந்த அதே படம். ஆனால் திரையில் அது பெரிது, நிறத்தோடு இருந்தது. வெள்ளை வான், வெள்ளைத் தகடு, கறுப்பு இலக்கங்கள். ஏழுக்கும் அடுத்த இலக்கத்துக்கும் இடையில், கீழே, விரல் நுனி அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. அது ஐந்தின் திறந்த வாயை அடைத்துக்கொண்டு நின்றது. கறுப்பு வெள்ளையில் பார்த்த கமராவுக்கு அது ஆறு. நிறத்தில் பார்த்த சிவாஜினிக்கு அது ஐந்தும் ஒரு குங்குமப் பொட்டும்.

"ஐயோ, வானுக்குப் பொட்டு வைச்சிருக்கினம்!" ஸ்ரனிஸ்லாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "பிரான்சிலை இருக்கிற யந்திரம் எல்லாம் படிச்சிருக்கு, குங்குமத்தை மட்டும் ஒருத்தரும் படிப்பிக்கேல்லை."

"வெள்ளிக்கிழமைகளில் இங்கே யார் நிறுத்துகிறார்கள்?" சிவாஜினி கேட்டாள்.

"உங்கள் ஆட்கள்தான். அந்தத் தகரக் கதவுக்குள் ஒரு கோயில். மாரிகாலத்தில்தான் வந்தார்கள். பலகை இன்னும் போடவில்லை. எனக்கு இனிப்புச் சோறு கொண்டுவந்து தருவார்கள், நல்ல மனிதர்கள்."

சிவாஜினி திரும்பி அந்தக் கதவைப் பார்த்தாள். பக்கத்தில் டயர்க்கடைக் கதவு எப்படியோ அப்படித்தான் இதுவும் இருந்தது. கோபுரமும் இல்லை, மணியும் வெளியில் தெரியவில்லை. அவள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள்.

"என்ன மதாம், பச்சை மிளகாயைக் கடிச்ச மாதிரி நிக்கிறியள்?"

"பிறகு சொல்லுறன். முதல் அல்பிரட் அண்ணைக்கு எடுங்கோ. நானூற்றி எழுபத்தஞ்சு ஆற்றை வானெண்டு கேளுங்கோ."

தொலைபேசியில் அல்பிரட் பதில் சொல்ல ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. "அது நாகேஸ்வரியின்ரை வான்! பலகாரக் கடை வைச்சிருக்கிறா, றெஜினாவின்ரை சிநேகிதி. ஒரே நாள், ஒரே கடையிலை எடுத்தனாங்கள். ரெண்டாய் எடுத்தால் குறைச்சுத் தாறனெண்டு கடைக்காரன் சொன்னவன். அதாலைதான் இலக்கமும் அடுத்தடுத்து வந்தது. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா," என்று சொல்லி ஸ்ரனிஸ்லாஸ் வைத்துவிட்டார். "மதாம், வழக்கு முடிஞ்சுது. நாகேஸ்வரி கோயிலுக்குப் போறா, வானுக்குப் பொட்டு வைக்கிறா, கடிதம் அல்பிரட்டுக்கு வருகுது. வாங்கோ, அவவின்ரை கடையிலை ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவம்."

"ரோல்ஸ் சரி. மற்றது சரியோ எண்டு பாப்பம்," என்றாள் சிவாஜினி.

*

நாகேஸ்வரியின் பலகாரக் கடை லா சப்பலில், ஒரு சாறிக் கடைக்கும் பயண முகவர் நிலையத்துக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றது. வாசலில் அந்த வெள்ளை வான். பின் தகட்டைக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் ஏழுக்கும் ஐந்துக்கும் இடையில் மெல்லிய சிவப்புச் சாயம் போகாமல் இருந்தது.

நாகேஸ்வரி நெற்றியில் ஒரு யூரோ நாணயம் அளவில் பொட்டோடு, கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். முகம் நிறையச் சிரிப்பு. வான் என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

"வெள்ளிக்கிழமை பின்னேரமோ? தங்கச்சி, வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வடைச் சட்டியை விட்டு அங்காலை இங்காலை அரக்கேலாது. வரிசை தெருமுனை மட்டும் நிக்கும். ஆரையும் கேளுங்கோ."

"கேக்கத் தேவையில்லை," என்றார் ஸ்ரனிஸ்லாஸ், கையில் ரோல்ஸோடு. "அந்த வரிசையிலை நானும் நிக்கிறனான். பயிற்சி முடிஞ்சு நேரை இஞ்சைதான்."

"அப்ப வானைக் கொண்டுபோனது உங்கடை அவரோ?" சிவாஜினி கேட்டாள்.

"அவர் எனக்குப் பக்கத்திலை நிண்டு வெங்காயம் வெட்டுவார்."

"வேறை ஆர் அக்கா?"

நாகேஸ்வரி துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். "வான் என்ரை பேரிலை. அது உண்மை. ஓடினது ஆரெண்டு நான் சொல்லவேணும் எண்டு கட்டாயம் இருக்கோ?"

"எனக்குச் சொல்ல வேணுமெண்டு இல்லை."

"அப்ப எனக்கு ஞாபகமும் இல்லை," என்றாள் நாகேஸ்வரி, மிகுந்த திருப்தியோடு. பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாக இன்னும் இரண்டு ரோல்ஸைக் காகிதத்தில் சுற்றி ஸ்ரனிஸ்லாஸின் கையில் திணித்தாள். அவர் அதை லஞ்சமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோல்ஸாகவே எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் தோளைக் குலுக்கினார். "சுவர்லை முட்டியாச்சு. ஓடின ஆளை அவ சொல்லப்போறதில்லை."

"சொல்லிப்போட்டா. ஒளிச்சு வைக்க ஒரு ஆள் இருக்கெண்டு சொல்லிப்போட்டா. ஸ்ரனி அண்ணை, ஒரு கேள்வி. கோயிலிலை உங்களுக்குக் குங்குமம் தந்தால் எங்கை வைப்பியள்?"

"நான் வேதக்காரன், மாதாவைக் கும்பிடுறவன். எனக்கென்னத்துக்கு?"

"தந்தால்?"

"நெத்தியிலைதான்."

"வைச்சுக்கொண்டு வீட்டை போவியளோ?"

"விசரே! என்ரை மனுசி வாசல்லையே வைச்சு..." ஸ்ரனிஸ்லாஸ் நின்றுவிட்டார். ரோல்ஸும் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"நாகேஸ்வரி அக்கா குங்குமத்தை நெத்தியிலை வைப்பா. அவவுக்கு வான் தேவையில்லை," என்றாள் சிவாஜினி. "வானிலை வைக்கிறது ஆரெண்டால், நெத்தியிலை வைச்சுக்கொண்டு வீட்டை போகேலாத ஆள். சாமியிட்டை வாங்கினதை எறியவும் மனமில்லை. துடைக்கவும் பயம். இரவல் வாங்கின வானுக்கு அதைக் குடுத்திட்டு, வெறும் நெத்தியோடை வீட்டை போகுது அந்த ஆள். அது நாகேஸ்வரி அக்கா வானை நம்பிக் குடுக்கிற சிநேகிதி. ஆனால் அவவைப் போலை சைவக்காரி இல்லை."

"வேதக்காரி," என்றார் ஸ்ரனிஸ்லாஸ் மெதுவாக.

"இன்னும் ஒண்டு. கடிதத்திலை ஒரு தெருப் பேரும் ஒரு இலக்கமும் கம்பளக் களஞ்சியமும் மட்டும்தான் இருக்கு. வாசல்லை நிண்டுகொண்டே அங்கை கோயில் இருக்கெண்டு எங்களுக்குத் தெரியேல்லை. லூடோவிக் சொல்லித்தான் தெரிஞ்சது. ஆனால் ஒருத்தர் அந்தக் கடிதத்தைப் பாத்த உடனை, 'கோயிலுக்குப் பின்னாலை உங்களுக்கு என்ன வேலை' எண்டு கேட்டவ."

ஸ்ரனிஸ்லாஸ் ரோல்ஸைக் காகிதத்துக்குள் திருப்பி வைத்தார். அவருடைய வாழ்க்கையில் அது மிகவும் அரிதாக நடக்கும் காரியம்.

*

சனிக்கிழமை காலை றெஜினா கந்தோருக்கு வந்தாள். தேவாலயத்தில் மாதர் சங்கத்தை நடத்துகிறவள். உடுப்பில் ஒரு மடிப்புக் கலையவில்லை. கழுத்தில் சிலுவை. கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக இருந்தாள். ஸ்ரனிஸ்லாஸுக்குக் கீழே தொலைபேசிக் கடையில் வேறு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. பதினொரு மணிக்கு வரும் அல்பிரட்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கூப்பிட்டால்தான் மேலே விட வேண்டும்.

"றெஜினா அக்கா, அல்பிரட் அண்ணையின்ரை வான் அங்கை போகேல்லை," என்றாள் சிவாஜினி.

"படம் இருக்கு."

"படத்திலை இருக்கிறது நாகேஸ்வரி அக்காவின்ரை வான். நீங்கள் வைச்ச பொட்டு அஞ்சை ஆறாக்கிப் போட்டுது."

கைப்பை மடியிலிருந்து வழுக்கியது. றெஜினா அதைப் பிடிக்கவில்லை. பிறகு, மடிப்புக் கலையாத அந்தப் பெண்மணி, கைக்குட்டையைத் தேடாமல் புறங்கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

"நான் நிண்ட இடத்திலை, நான் நிண்ட நேரத்திலை, இவற்றை வானும் நிண்டதெண்டு கடிதம் வருகுது. நான் என்னத்தை நினைக்கிறது? எனக்குப் பின்னாலை வந்து வேவு பாக்கிறாரெண்டு நினைச்சன். கேட்டால், 'போகேல்லை' எண்டு முகத்துக்கு நேரை சொல்லுறார். வேவும் பாத்து, பொய்யும் சொல்லுற மனுசனோடை என்னெண்டு இருக்கிறது? அதுக்கு மேலை நான் ஒண்டும் கேக்கேலாது. கேட்டால், நான் ஏன் அங்கை நிண்டனெண்டு வரும்."

"ஏன் அக்கா நிண்டனீங்கள்?"

"அவருக்குக் குரல் போச்சல்லோ." அவள் மூச்சை இழுத்தாள். "டொக்டர் சொன்னார், இனிப் பாட்டு வராது, கதைச்சாலே பெரிய காரியமெண்டு. இவர் இரவு இரவாய்ச் சத்தமில்லாமல் அழுவார். அழுகிறதுக்கும் சத்தம் வராது. நான் அந்தோனியாரைக் கேட்டன். மடு மாதாவைக் கேட்டன். லூர்துக்குப் போனன். நாகேஸ்வரி சொன்னாள், அம்மனிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாரெண்டு. கேட்டன். குரல் வந்தது. ஆர் தந்ததெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒருத்தரையும் ஏமாத்தக் கூடாதெல்லோ! மாதாவுக்கு மெழுகுதிரி குடுத்தன். அம்மனுக்குப் பத்து வெள்ளி வாறனெண்டு சொன்னது, அதையும் செய்யத்தானே வேணும். முதல் நாலு வெள்ளியும் பொட்டைக் கதவிலை வைச்சன். வெள்ளை வானிலை கறையெண்டு நாகேஸ்வரியின்ரை மனுசன் ஏசினவராம். அதுக்குப் பிறகுதான் தகட்டிலை வைச்சன். பார்க்கிங்குக்கு ஒவ்வொரு முறையும் காசு கட்டினனான். களவாய் ஒண்டும் நிப்பாட்டேல்லை."

"தெரியும். யந்திரம் அதுக்குச் சாட்சி."

"தங்கச்சி, இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பாட்டுக் குழுத் தலைவற்றை மனுசி கோயிலுக்குப் போறா எண்டு தெரிஞ்சால், இவர் ஆற்றையும் முகத்தைப் பாக்கமாட்டார். என்ரை முகத்தையும் பாக்கமாட்டார். நான் ஜேர்மனிக்கே போயிடுறன்."

சிவாஜினிக்கு இது சங்கடமான இடம். அவளிடம் வழக்கைக் கொண்டுவந்தவர் அல்பிரட். ஒளிப்பதற்குக் கேட்பவள் அவருடைய மனைவி. அவள் என்ன முடிவு எடுத்திருப்பாள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது. ஏனென்றால் கதவு ஏற்கெனவே கால்வாசி திறந்திருந்தது. அல்பிரட் அங்கே நின்றார். அவருக்குப் பின்னால் ஸ்ரனிஸ்லாஸின் தலை தெரிந்தது.

"பதினொண்டுக்குத்தான் வருவாரெண்டு சொன்னியள். பத்தரைக்கே வந்திட்டார்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நான் பிடிச்சன். பாட்டுக்காரற்றை நெஞ்சு, தள்ளிக்கொண்டு ஏறிட்டார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. றெஜினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்பிரட் உள்ளே வந்து, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

சிவாஜினி தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். கடிதங்களைப் பற்றிப் பேசினாள்.

"அல்பிரட் அண்ணை, உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. நிறப் படத்தைக் கொம்பனியிட்டைக் கேட்டு வாங்கி, இது நாகேஸ்வரி அக்காவின்ரை வானெண்டு காட்டலாம். பிறகு அவை அவவைக் கேப்பினம், ஓடினது ஆரெண்டு. இல்லாட்டி ஒரேயொரு வரி எழுதலாம். 'இந்த வான் என்ரை பேரிலை இருக்கு. அது உங்கடை பார்க்கிங்குக்குள்ளை வந்த படத்தை எனக்குக் காட்டுங்கோ.' அவையாலை காட்டேலாது. வந்தால்தானே காட்டலாம். ஒருத்தற்றை பேரும் வெளியிலை வராது."

"ரெண்டாவதை எழுதுங்கோ," என்றார் அல்பிரட், அவளைப் பார்க்காமலே. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். கோபமா, வெட்கமா என்று அந்த முகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சிவாஜினியாலும் முடியவில்லை.

"எத்தினை வெள்ளி முடிஞ்சுது?"

"ஏழு," என்றாள் றெஜினா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"மிச்ச மூண்டுக்கும் இரவல் வானிலை போகத் தேவையில்லை. எங்கடை வான் இருக்கு."

றெஜினா தலையை நிமிர்த்தினாள். "வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பயிற்சி."

"வியாழனுக்கு மாத்துவன். கடைசி வரிசை எப்பவும் சும்மாதானே இருக்குது, வரட்டும்." பின்னால் ஸ்ரனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். அல்பிரட் கவனிக்கவில்லை. "நானும் வாறன். உள்ளை வரமாட்டன், றெஜினா. அதைக் கேக்காதையும். நான் பிறந்து வளந்த விதம் அப்பிடி. கதவடியிலை நிப்பன்."

"கதவடியிலை நிண்டு என்ன செய்வியள்?"

அல்பிரட் கொஞ்சம் யோசித்தார். "நன்றி எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவன். அதுக்குத்தானே எனக்குக் குரலை வாங்கித் தந்திருக்கிறீர்."

றெஜினா கைப்பையைத் தரையிலிருந்து எடுத்தாள். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள். அந்த ஒரு சாண் இடைவெளி இல்லாமல் போனது.

"நன்றி சொல்லுறதுக்கு முதல்," என்றாள், கண் நிறைந்திருக்க, மாதர் சங்கக் குரலில், "பார்க்கிங்குக்குக் காசைக் கட்டுங்கோ."